பேகனின் போர்வையும் எங்கள் வீட்டுக் கூண்டும்

வையாவிக் கோப்பெரும் பேகனைப் பாடம் நடத்தும் நாளில் வகுப்பில் ஒரு சிரிப்பு எழுவது ஆண்டுதோறும் வாடிக்கை. கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் மெல்லக் கேட்பார்: "ஐயா, மயிலு அதைப் போத்திக்கிச்சா?" கேள்வியில் குறும்பு உண்டு. ஆனால் அது புதிய கேள்வி அன்று. மயில் உடுத்தவும் செய்யாது, போர்த்தவும் செய்யாது என்று தெரிந்தேதான் பேகன் கொடுத்தான் எனப் பரணரே புறநானூற்றின் 141ஆம் பாட்டில் சொல்லிவிட்டார். அடுத்த பாட்டில் வறண்ட குளத்திலும் விளைநிலத்திலும் உவர்நிலத்திலும் வேறுபாடு பாராமல் பெய்யும் மழையை உவமை காட்டுவார். கொடைமடம் என்ற சொல்லை அங்கே விளக்கி, பேகனின் பொதினிதான் நம் மதுரையிலிருந்து சுமார் 120 கிலோமீட்டரில் இருக்கும் இன்றைய பழநி என்றும் சொல்லி, மணி அடிப்பதற்குள் பாடத்தை முடித்துவிடலாம். பல ஆண்டுகளாக அப்படித்தான் முடித்து வந்தோம்.

இக்கட்டுரையில் 'நாங்கள்' என்று வருமிடமெல்லாம் கணவன் மனைவி இருவரையும் சேர்த்தே குறிக்கும். எங்களில் ஒருவருக்குக் கல்லூரியில் தமிழ் கற்பிப்பது தொழில். மற்றவருக்குப் பள்ளியில் கணக்கு. சொல்லப்போகும் பிழையில் இருவருக்கும் சரிபாதிப் பங்கு உண்டு. ஆதலால் ஒருமையில் எழுத மனம் ஒப்பவில்லை.

2020ஆம் ஆண்டு, ஊரடங்கு சற்றே தளர்ந்த சமயம். தோழிகளைப் பாராமல் கைப்பேசித் திரையில் பள்ளி படித்துச் சலித்துப்போன மகள், கிளி வேண்டும் என்றாள். பச்சைக்கிளிதான் வேண்டும் என்றாள். மதுரையில் பிறந்தவளுக்கு அது இயல்பான ஆசைதானே! மீனாட்சியின் கையிலேயே கிளி இருக்கிறது. பொற்றாமரைக் குளத்தருகே கிளிக்கூட்டு மண்டபம் என்றே ஒரு மண்டபம் இருக்கிறது. முன்னாளில் அங்கே கூண்டுகளில் கிளிகள் வளர்ந்தன, இன்று பெயர் மட்டும் எஞ்சியுள்ளது. ஆனால் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வளர்ப்பதும் குற்றம். இதை மகளுக்குப் புரியவைக்க இரண்டு நாள் ஆயிற்று. இறுதியில் 'லவ் பேர்ட்ஸ்' என்று சமரசம் கண்டோம்.

கடைக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். உண்மையான லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்கக் கிளிகள். நம்மூரில் அப்பெயரால் பெரும்பாலும் விற்கப்படுபவை ஆஸ்திரேலியாவின் பட்ஜெரிகர். ஜான் கூல்ட் என்ற பறவையியலர் 1840இல் அவற்றை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அதன்பின் உலகமெங்கும் கூண்டுகளில் பெருகின. எங்களிடம் வந்தவை இரண்டு. மஞ்சள் நிறத்ததற்குத் தினை என்றும் நீல நிறத்ததற்குச் சாமை என்றும் மகளே பெயரிட்டாள். தினை ஆண், அலகின் மேலுள்ள சதை நீலமாக இருந்தால் ஆண் என்பது கணக்காம். குறிஞ்சித் தலைவி பரண்மேல் ஏறி நின்று கிளிகளைத் தினைப்புனத்திலிருந்து விரட்டினாள். நாங்களோ கீழமாசி வீதிக்குப் போய்க் கிலோக் கணக்கில் தினை வாங்கிவந்து கிளிக்கு ஊட்டினோம். (கிளி ஓட்டும் கருவிகளுள் ஒன்றுக்குக் 'குளிர்' என்றே பெயர். குறிஞ்சிப்பாட்டில் தழல், தட்டை இவற்றோடு சேர்ந்து வரும். பின்னால் நடந்ததை எண்ணும்போது அந்தப் பெயர் சற்று உறுத்துகிறது.)

2021ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை நண்பர்களுக்கு நினைவிருக்கும். தமிழகமெங்கும் வழக்கத்தை மிஞ்சிப் பெய்தது. எங்கள் வீடு வைகைக்கு வடகரையில், கண்மாய் ஒன்றை ஒட்டிய தெருவில் இருக்கிறது. அந்தக் கார்த்திகையில் கண்மாய் நிறைந்து கிடந்தது. அதன்மேல் தவழ்ந்துவரும் காற்று நேராக எங்கள் வராந்தாவில் நுழையும். கூண்டும் அங்கேதான் தொங்கியது. ஒரு மாலையில் சாமை இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு பந்துபோல் உட்கார்ந்திருந்ததைக் கண்டோம். உண்ணவில்லை. கண்கள் பாதி மூடியிருந்தன. "அப்பா, இதுக்குக் குளிருது" என்றாள் மகள்.

அவ்வளவுதான்... எங்களுக்குள் இருந்த பேகன் விழித்துக்கொண்டான்.

கூண்டை வீட்டுக்குள் கொண்டுவந்து கூடத்தில் வைத்தோம். அதுவரை சரி. பிறகு மழைக்கு வாங்கி வைத்திருந்த பிளாஸ்டிக் தாளைக் கூண்டைச் சுற்றிக் கட்டினோம். அதன்மேல் கட்டில் ஓரத்தில் மடித்துக் கிடந்த ஒரு கம்பளியைப் போர்த்தினோம். 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தேடிப் பிடித்துக் கூண்டின் உள்ளேயே தொங்கவிட்டோம். மழைக்காலமாயிற்றே, கொசு கடிக்குமே என்று கூண்டின் அடியில் கொசுவர்த்திச் சுருளும் கொளுத்தி வைத்தோம். அன்று வெள்ளிக்கிழமை, மாலையில் காட்டிய சாம்பிராணிப் புகையும் கூடத்தில் கலையாமல் நின்றது. கணக்கு ஆசிரியர் அறையின் நீள அகலங்களைக்கூட மனத்துள் பெருக்கிப் பார்த்தார். கூண்டின் உள்ளே காற்று எவ்வளவு என்று மட்டும் பார்க்கவில்லை.

அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா மறைந்தபின் உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து எங்களோடு வந்து தங்கியவர். வாழ்நாளெல்லாம் கோழி வளர்த்தவர். "ஏய்யா, கோழிக்குஞ்சுக்கே மூச்சுவிட எடம் விட்டுத்தான் பஞ்சாரத்து மேல சாக்கைப் போடுவோம். நீங்க என்ன, பலசரக்குக் கடையில பொட்டலம் மடிக்கிற மாதிரி மடிக்கிறீக?" என்றார். கிராமத்துக் கோழி வேறு, ஆஸ்திரேலியக் கிளி வேறு என்று பதில் சொன்னதாக நினைவு. முதுகலைப் பட்டம் பெற்றவர்கள் சொல்லக்கூடிய பதில்தான்.

இரவு 2 மணியளவில் மின்சாரம் போயிற்று. அதுவரை அடுப்புபோல் காய்ந்த கூண்டு சிறிது நேரத்தில் ஆறிப்போனது. விடியற்காலையில் போர்வையை விலக்கியபோது பிளாஸ்டிக் தாளின் உட்புறமெங்கும் நீர்த்துளிகள். சாமை கூண்டின் தரையில் பக்கவாட்டில் கிடந்தது. கால்விரல்கள் எதையோ பற்றியிருப்பதுபோல் மடங்கியிருந்தன. தினை மேல்கம்பியைப் பிடித்தபடி வாய் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் அசைந்தது. மகள் அழவில்லை. "அப்பத்தா சொன்னுச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தினையை ஓர் அட்டைப்பெட்டியில் வைத்துக் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் எடுத்துச் சென்றோம். பொறுமைமிக்க அம்மையார். மருந்து கொடுக்குமுன் கேள்விகள் கேட்டார். கூண்டு எங்கே இருந்தது? எதனால் மூடினீர்கள்? பல்பு உள்ளேயா, வெளியேயா? வீட்டில் புகை உண்டா? ஒவ்வொரு பதிலுக்கும் அவர் தலையசைத்த விதத்தில் எங்கள் குரல் தாழ்ந்துகொண்டே போயிற்று. முன்பே நோயுற்றிருந்த பறவை, எதனால் இறந்தது என்று உறுதியாகச் சொல்ல இயலாது என்றார். எங்கள் முகத்துக்காகச் சொன்னார் போலும். பிறகு அவர் விளக்கியவற்றையும், அந்த வாரம் முழுவதும் தேடிப் படித்தவற்றையும் இங்கே எழுதிவைப்பது இதே பிழையைச் செய்யவிருக்கும் யாருக்கேனும் உதவக்கூடும்.

முதலாவது, நலமாக உள்ள பட்ஜெரிகருக்கு மதுரைக் குளிர் ஒரு குளிரே அன்று. மார்கழி, தை விடியற்காலைகளில் நம் ஊரில் வெப்பம் 20 டிகிரி செல்சியசை ஒட்டி நிற்கும். சில நாள்களில் சற்றே கீழே இறங்கும். ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறள்நிலங்களில் குளிர்கால இரவுகள் இதைவிட எவ்வளவோ கொடியவை. அங்கே அவை கூட்டம் கூட்டமாகத் திரிகின்றன. இவ்வளவு ஏன், நாம் போர்வைக்குள் சுருளும் மாதங்களில்தான் சோளக்குருவிகள் நடு ஆசியாவின் பனிக்கு அஞ்சி நம் தென்மாவட்டச் சமவெளிகளுக்கு வந்து சேர்கின்றன. நமக்குக் குளிராக இருப்பது அவற்றுக்கு இளவெயில்.

30, 40 கிராம் எடையுள்ள அந்த உடம்புக்குள் வெப்பம் சுமார் 41 டிகிரி. நமக்கு அது கடுங்காய்ச்சல். அந்த வெப்பத்தைக் காக்கப் பறவைக்கு இயற்கை கொடுத்த போர்வை இறகு. இறகைச் சிலிர்க்கும்போது இடையிடையே காற்று சிறைப்படுகிறது. வெப்பத்தைக் கடத்தாதது அந்தக் காற்றே. அலகை முதுகு இறகுக்குள் செருகி, ஒரு காலை மடக்கி வயிற்றோடு வைத்துக்கொண்டு உறங்கும். காலில் இறகு இல்லையே என்றால் அங்கும் ஓர் ஏற்பாடு: கீழே இறங்கும் சூடான குருதியும் மேலே ஏறும் குளிர்ந்த குருதியும் அருகருகே ஓடி வெப்பத்தைக் கைமாற்றிக்கொள்கின்றன. ஆகவே இரவில் ஒரு பறவை பந்துபோல் இருந்தால் அது நல்ல உறக்கம். பகலெல்லாம் அப்படியே இருந்தால், இரண்டு காலையும் ஊன்றியபடி சிலிர்த்திருந்தால், அது நோய். காட்டில் நோயைக் காட்டிக்கொண்ட பறவை வேட்டைப் பறவைக்கு இரை. அதனால் முடிந்தவரை மறைக்கும். மறைக்க முடியாத நிலையில்தான் நாம் காண்கிறோம். சாமைக்குக் குளிரியது உண்மை. ஆனால் குளிரியதால் அது நோயுறவில்லை, நோயுற்றதால் அதற்குக் குளிரியது. வேறுபாடு ஒரு வேற்றுமை உருபுதான். தமிழ் கற்பிப்பவருக்கு அது விளங்க ஒரு சாவு தேவைப்பட்டது.

இரண்டாவது, புகை. பறவையின் மூச்சு நம் மூச்சைப்போல் உள்ளே போய் அதே வழியில் திரும்புவதன்று. நுரையீரலோடு பெரும்பாலான பறவைகளுக்கு ஒன்பது காற்றுப்பைகள் இருக்கின்றன. மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் நுரையீரலின் ஊடே புதுக்காற்று ஒரே திசையில் ஓடிக்கொண்டிருக்கும். பறப்பதற்கு வேண்டிய ஆற்றல் அதனால் கிடைக்கிறது. நஞ்சும் அதே விரைவில் உள்ளே போகிறது. இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் நச்சுக்காற்றை அறிவிக்கக் கேனரிப் பறவைகளை 1986 வரை உள்ளே கொண்டுபோனதும் இதனால்தான். கொசுவர்த்தி, ஊதுவத்தி, சாம்பிராணி, கற்பூரம், தாளிக்கும் புகை எதுவும் கூண்டின் பக்கம் ஆகாது. ஒட்டாத பூச்சுள்ள தோசைக்கல்லை வெறுமனே அடுப்பில் மறந்துவிட்டால் எழும் ஆவி, நம் மூக்குக்கு எட்டுமுன்பே பறவையைக் கொன்றுவிடும். அதையும் அன்றுதான் அறிந்தோம்.

மூன்றாவது, ஈரமும் ஓட்டக் காற்றும் திடீர் மாற்றமும். 20 டிகிரியில் நாள் முழுதும் இருப்பதைப் பறவை தாங்கும். 35இல் வேகவைத்து ஒரு மணியில் 20க்கு இறக்குவதைத் தாங்காது. பிளாஸ்டிக் உள்ளே பிடித்துவைத்தது வெப்பத்தை அன்று, மூச்சின் ஈரத்தைத்தான். பழைய பருத்திச் சேலையோ வேட்டியோ போதும். மேற்புறமும் மூன்று பக்கமும் மூடி, ஒரு பக்கம் திறந்திருக்க வேண்டும். அம்மாவின் பஞ்சாரத்துச் சாக்கு இதைத்தான் சொன்னது.

நோயுற்ற பறவைக்கு மட்டும் வெப்பம் மருந்து. தினைக்குச் சுமார் 30 டிகிரி வேண்டும் என்றார் மருத்துவர். பல்பைச் சிறு கூண்டின் வெளியே, ஒரு பக்கமாக மட்டும் வைக்கச் சொன்னார். சூடு மிகுந்தால் பறவை தானே மறுபக்கம் நகர்ந்துகொள்ளும். அந்த உரிமையை அதற்கு விட்டுவைக்க வேண்டுமாம். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது, அதில் ஒளி உண்டு, சொல்லும்படி சூடு இல்லை. வெளிச்சம் கண்ணில் விழாமல் துணியால் மறைத்து, தீப்பிடிக்காத தூரத்தில் அத்துணியைக் கட்டி, ஒரு வெப்பமானியையும் தொங்கவிட்டோம். மூன்று இரவுகள் முறைவைத்து விழித்திருந்தோம்.

அந்த இரவுகளில் கையில் இருந்தது நெடுநல்வாடை. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் பாடியது, 188 அடிகள். அதில் வரும் வாடைக்காலத்தைப் பலமுறை நடத்தியிருக்கிறோம்: கோவலர் தீக்காய்வதும், விலங்கு மேய்ச்சலை மறப்பதும், பறவைகள் கிளையிலிருந்து விழுவதும். ஆனால் வீட்டுப்புறா வரும் இடத்தை எத்தனை முறை விரைந்து கடந்திருக்கிறோம் என்று அன்றுதான் தெரிந்தது. பெடையோடு இரைதேட வெளியே போகாமல், பகல் எது இரவு எது என அறியாமல், தங்கிய பலகையில் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கிறது ஒரு சிவந்த கால் சேவற்புறா. வளர்ப்புப் பறவைக்குக் குளிரும் காட்சியை ஒரு மதுரைப் புலவர் கண்டு வைத்திருக்கிறார். கால் மாற்றுவதைக் கண்டவர், விடிய விடியக் கண்டிருக்க வேண்டும். பல்பின் மறைவில் தினையும் அதையே செய்துகொண்டிருந்தது.

சத்திமுற்றப் புலவரும் நினைவுக்கு வந்தார். அவர் வாடையில் நடுங்கியதும் இதே கூடல் நகரில்தான். வடக்கே பறக்கும் நாரையை அழைத்து, போர்த்த ஆடையின்றிக் கைகளாலேயே உடம்பை மூடிக்கிடக்கும் தன் நிலையை மனைவியிடம் சொல்லச் சொன்னார். மறைந்து நின்று கேட்ட பாண்டியன் தன் மேலாடையை அவர்மேல் போடச் செய்தான் என்று கதை சொல்லும். அங்கே பறவை நலமாகப் பறந்தது, நடுங்கியது மனிதர்.

நான்காம் நாள் தினை தானாகவே தீனிக் கிண்ணத்தில் இறங்கியது. பெரிய கூண்டுக்கு மாற்றும்போது, கம்பளியின் நூலில் பறவையின் நகம் சிக்கும் என்று மருத்துவர் சொன்னது நினைவுக்கு வர, அதை மடித்து ஓரமாக எறிந்தோம். மகள் அதை எடுத்துக்கொண்டு அம்மாவின் அறைக்குப் போனாள். திரும்பி வந்து, "இது அப்பத்தா போத்துறது. அஞ்சு ராத்திரியா அப்பத்தா சேலையை ரெண்டா மடிச்சுப் போத்திக்கிட்டுத்தான் படுக்குது, தெரியுமா?" என்றாள்.

கட்டில் ஓரத்தில் கிடந்தது என்று மேலே எழுதியிருக்கிறோம். அது யார் கட்டில் என்பதை அன்றும் எண்ணவில்லை. எழுதும்போதும் அப்படித்தான் வந்து விழுந்தது. திருத்தாமல் விட்டிருக்கிறோம். அம்மாவிடம் கேட்டபோது, "வாயில்லாச் சீவனுக்குத்தானய்யா எடுத்தீக, போகட்டும்" என்றார். அதற்குமேல் எங்களைப் பேசவிடவில்லை.

பேகனைப் பற்றிய பாட்டுகள் அந்தப் போர்வையோடு முடிவதில்லை. 143 முதல் 147 வரை ஐந்து பாட்டுகள் இருக்கின்றன. கபிலரும் பரணரும் அரிசில் கிழாரும் பெருங்குன்றூர் கிழாரும் அவன் வாயிலில் நின்று பாடியவை. பரிசில் வேண்டா, நீ பிரிந்திருக்கும் உன் மனைவி கண்ணகியின் கண்ணீரைத் துடை என்பதே அவர்கள் வேண்டுகோள். அவற்றுள் ஒன்றில், மயிலுக்குப் போர்வை தந்தவனே என்று அழைத்துவிட்டே பரணர் அதைக் கேட்கிறார். அந்த விளியில் உள்ள கூர்மையை உரையாசிரியர் யாரும் எங்களுக்குக் காட்டவில்லை. காட்டியிருந்தாலும் பருவத்தேர்வுக்குள் பாடத்தை முடிக்கும் அவசரத்தில் நின்றிருக்க மாட்டோம்.

தை மாதம் பொங்கல் கழிந்த வாரத்தில் தினை இருமத் தொடங்கியது. இரண்டு வறட்டு இருமல், ஒரு நீண்ட செருமல், பிறகு அமைதி. விடியற்காலையில் மிகுதி. எங்களுக்கு வயிறு கலங்கிற்று. புகையில்லை, ஓட்டக் காற்றில்லை, குளிப்பாட்டுவதைக்கூட நண்பகல் வெயிலுக்கு மாற்றியிருந்தோம். மறுபடியும் அட்டைப்பெட்டி, மறுபடியும் அதே மருத்துவர். மூக்குத்துளை, கழிவு எல்லாவற்றையும் பார்த்தார். நிறுத்துப் பார்த்தார், 36 கிராம். மார்பில் கருவி வைத்து நெடுநேரம் கேட்டார். குறை எதுவும் தெரியவில்லை. பெட்டிக்குள் திரும்பிய தினை அப்போது, யாரும் கேளாமலே, இரண்டு முறை இருமிச் செருமியது. மருத்துவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"இது நோய் இல்லைங்க, மிமிக்ரி. ஆண் பறவைங்க கேட்டதைத் திருப்பிச் சொல்லும். வீட்டுல இப்படி இருமுறது யாரு?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கேட்டுப் பழகிய ஒலிதான். வயதானவர்களுக்கு மார்கழிப் பனியில் வருவது என்று நினைத்து, நினைத்து, பிறகு காதில் விழாமலே போன ஒலி. "பறவை மனப்பாடம் பண்ற அளவுக்கு இருமுறாங்கன்னா முதல்ல அவங்களை டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றார் அம்மையார். சிரிப்பு நின்றிருந்தது.

அன்று மாலையே காட்டினோம். எக்ஸ்ரேயில் வலப்பக்கக் கீழ் நுரையீரலில் சளி கட்டியிருந்தது. இன்னும் இரண்டு வாரம் விட்டிருந்தால் என்று தொடங்கிய அந்த மருத்துவர், அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வாக்கியத்தை முடிக்காமல் விட்டார். ஊசிகள், மாத்திரைகள், வெந்நீர் ஆவி. கம்பளி அம்மாவிடமே இருந்தது. கூடுதலாக ஒன்று வாங்கப் போனபோது, தை முடியும் நேரத்தில் எவனாவது கம்பளி வாங்குவானா என்று அவரே தடுத்துவிட்டார்.

மாசி பிறந்தபோது அம்மாவின் இருமல் நின்றுவிட்டது. தினை விடவில்லை. கூண்டு இப்போது அவர் அறையில் இருக்கிறது. அவராகவே கேட்டு வாங்கிக்கொண்டது. இரவில் தம் பழைய சுங்குடிச் சேலையால் மூன்று பக்கமும் மூடி, தம் கட்டிலை நோக்கிய பக்கத்தைத் திறந்து வைக்கிறார். விடிந்து அந்தச் சேலையை விலக்கியதும் இரண்டு இருமல், ஒரு செருமல். அதன் பிறகே பாட்டு. "எந்திரிச்சிட்டியாடா?" என்று அம்மா கேட்பது அடுக்களை வரை கேட்கும்.